திரை வராத கணினி

அம்மா அதைக் கணினி என்றோ கம்ப்யூட்டர் என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. 'அப்பா பெட்டி' என்பாள். உடன்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டுப் பட்டாசலின் கிழக்கு மூலையில், அம்மா தன் பழைய நூல்சேலையைக் கிழித்துத் தைத்த உறையைப் போர்த்திக்கொண்டு, ஏறத்தாழப் பத்தாண்டுகள் அது சும்மா இருந்தது. 2024ஆம் ஆண்டு மே மாதம், கூரை ஓடுகளை மாற்றும் வேலைக்காக நாங்கள் இருவரும் ஊருக்குப் போயிருந்தோம். எங்களில் மூத்தவள் சென்னையில் இருப்பவள், இளையவன் கோவையில். கழித்துக்கட்ட வேண்டிய சாமான்களை முற்றத்தில் அடுக்கியபோது அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். பழைய இரும்பு எடுக்க வந்தவர், மானிட்டரையும் சேர்த்து 400 ரூபாய் தருவதாகச் சொன்னார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"அது உங்கப்பா பெட்டில்லா? அவுக எழுதினதெல்லாம் அதுக்குள்ளதான கெடக்கு" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். இரும்புக்காரரை அனுப்பிவிட்டுப் பெட்டியைத் திரும்ப மேசைக்குக் கொண்டுபோனோம். தூசியைத் துடைத்து, வயர்களை மாட்டி, பொத்தானை அழுத்தினோம். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுழலும் சத்தம் கேட்டது. திரை மட்டும் இருண்டே இருந்தது.

பழுதுபார்ப்பவர்கள் இதை 'நோ டிஸ்ப்ளே' என்கிறார்கள். இது ஒரு நோயின் பெயரன்று, ஒரு அறிகுறியின் பெயர். காய்ச்சல் என்று சொல்வதைப் போல. காய்ச்சலுக்கு எத்தனை காரணங்களோ இதற்கும் அத்தனை. அடுத்த மூன்று நாட்கள் அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போனதைத்தான் இங்கே எழுதுகிறோம். கணினி பழுதுபார்ப்பதில் எங்களுக்கு எந்தத் தேர்ச்சியும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

*

அப்பா தமிழாசிரியர். 2003இல் ஓய்வு பெற்றார். கைக்கு வந்த பணத்தில் அடுத்த ஆண்டே திருநெல்வேலிக்குப் போய், ஒரு கடையில் உதிரிகளைச் சேர்த்துக் கட்டிய இந்தக் கணினியை வாங்கி வந்தார். பென்டியம் 4, 256 எம்.பி. ரேம், 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 15 அங்குலக் கண்ணாடிக்குழாய் மானிட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. இளமையில் தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவர் என்பதால் விசைப்பலகை அவருக்குப் புதிதாக இல்லை. எங்களுக்குத்தான் அது வேடிக்கையாக இருந்தது. ஓய்வுபெற்ற காலத்தில் கோயில் குளம் என்று போகாமல் இது எதற்கு என்று பேசிக்கொண்டோம்.

அவர் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பனங்காடு. தேரியின் செம்மணலில் பனை ஏறி இறங்கி, பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றிய குடும்பங்களின் பிள்ளைகள்தாம் அவர் வகுப்பில் பெரும்பாலும் படித்தார்கள். அவர்கள் பேச்சில் வந்த தொழிற்சொற்களை 1970களிலிருந்தே கோடுபோட்ட நோட்டுகளில் எழுதி வந்தார். பாளையை இடுக்கி நசுக்கும் கடிப்பு, காலில் மாட்டும் தளைநார், மரத்தில் சாய்த்து வைத்து ஏறத் தொடங்கும் முருக்குத்தடி, பாளையருவாளைப் போட்டு இடுப்பில் கட்டும் அருவாப்பெட்டி, பதனீர் காய்ச்சும் விடிலி. மரமேறுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருந்தார்கள். ஆள் போனால் சொல்லும் போய்விடும் என்பது அவருடைய கவலை.

நோட்டுகளில் இருந்ததையெல்லாம் கணினியில் ஏற்றி முடித்ததும் அந்த நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார். கரையான் அரிக்கத் தொடங்கியிருந்ததும் ஒரு காரணம். 'எல்லாம் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு' என்று எங்களிடம் தொலைபேசியில் சொன்னார். சொன்னவர் அதோடு விடவில்லை. இதை ஒரு சிடியில் பிரதி எடுத்து வைக்க வேண்டும், எப்படி என்று சொல்லுங்கள் என்று பல தடவை கேட்டார். ஊருக்கு வரும்போது செய்து தருகிறோம் என்று பல தடவை சொன்னோம்.

2013 மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்தது. பேச்சு போயிற்று.

*

மின்சாரத்தால் இயங்கும் எதையும் வெளியிலிருந்து உள்ளே போகும் முறையில் பார்க்க வேண்டும் என்பார்கள். முதல் சந்தேகம் மானிட்டர் மேல். அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மானிட்டருக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, அதன் நீலத்தலைக் கேபிளைக் கணினியின் முதுகிலிருந்து உருவிவிட வேண்டும். மானிட்டர் நலமாக இருந்தால், எனக்கு எதுவும் வந்து சேரவில்லை என்று அதுவே திரையில் ஒரு சிறு கட்டம் காட்டிச் சொல்லும். எங்களுடையது சில நொடிகள் தயங்கி, மங்கலாகச் சிவந்து, பின் அந்தக் கட்டத்தைக் காட்டியது. மானிட்டர் குற்றமற்றது. கேபிளின் 15 ஊசிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வளைந்தது எதுவுமில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய கண்ணாடிக்குழாய் மானிட்டரின் பின்மூடியை யாரும் திறந்துவிட வேண்டாம். அதனுள் 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் உருவாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஒரு பகுதி குழாயில் தங்கியிருக்கக்கூடும்.

அடுத்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே தேரிமணல் மெல்லிய சிவப்புப் படலமாகப் படிந்திருந்தது. பல்லி முட்டை ஓடுகள் இரண்டு. ஏதோ ஒரு வயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. வர்ணம் பூசும் தூரிகையால் எல்லாவற்றையும் மெல்ல ஒதுக்கினோம். பிறகு, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் மின்வயரையும் அகலமான நாடாக் கேபிளையும் கழற்றி அதைத் தனியே ஒரு துண்டில் சுற்றிவைத்தோம். நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று பின்னால் தெரிந்தது. திரை வருவதற்கு ஹார்ட் டிஸ்க் தேவையில்லை. மற்ற உறுப்புகளோடு மல்லுக்கட்டும்போது அது ஒதுங்கியிருப்பதே நல்லது.

அந்த டிஸ்க்கை மட்டும் எடுத்து ஓர் அடாப்டர் வழியாக மடிக்கணினியில் படித்துவிடலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். முடியும். ஆனால் அந்தக் காலத்து ஐ.டி.இ. டிஸ்க்குக்கான அடாப்டர் உள்ளூரில் கிடைக்கவில்லை. வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றது இணையக் கடை. எங்கள் விடுமுறை ஐந்து நாள். இன்னொரு காரணமும் உண்டு. அம்மா பட்டாசலிலேயே வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் என்ன செய்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை அடுத்து சோதித்தோம். அதிலிருந்து மதர்போர்டுக்கு வரும் 20 துளைக் கனெக்டரைக் கழற்றி, பச்சை வயரின் துளையையும் கறுப்பு வயரின் துளையையும் ஒரு கம்பியால் இணைத்தால், போர்டு இல்லாமலேயே அது ஓட வேண்டும். அம்மாவின் கொண்டை ஊசி அதற்கு உதவியது. விசிறி சுழன்றது. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வாங்கி, போர்டோடு இணைத்து ஓடும் நிலையில் அளந்தோம். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வர வேண்டும். ஐந்து விழுக்காடு கூடலாம், குறையலாம். எல்லாம் அந்த வரம்புக்குள் இருந்தன.

ஆகவே மின்சாரம் இருக்கிறது, மானிட்டர் இருக்கிறது. இடையில் ஏதோ ஒன்று மௌனமாக இருக்கிறது. முதல் நாள் அதோடு முடிந்தது.

*

இரண்டாம் நாள், திருச்செந்தூரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவரின் எண்ணை எலக்ட்ரீஷியன் கொடுத்தார். தொலைபேசியில் ஊரையும் வீட்டையும் சொன்னதும் அவர் குரல் மாறியது.

"சாரோட பெட்டியாக்கா? நான் சார்ட்டதான் எட்டாப்பு படிச்சேன். என்னயப் பன்னாடைன்னுதான் கூப்பிடுவாவ."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எங்களையும் அப்படித்தான் அழைப்பார். வசவாக இல்லை, இலக்கணமாக. நன்னூல் மாணாக்கர் வகையைச் சொல்லும்போது, கடைநிலை மாணாக்கருக்கு உவமையாக நெய்யரியையும் வைக்கிறது. நெய்யரி என்பது நெய் வடிகட்டும் பன்னாடை. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சூத்திரத்தை நடத்தும் நாளில் அப்பா வகுப்புக்கு ஒரு பன்னாடையைக் கையோடு எடுத்துப்போவார்.

இளைஞர் மாலையில் வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, விசிறி ஓடுதுன்னா உசுரு இருக்குன்னு அர்த்தமில்ல. கீபோர்டுல நம்லாக் அமுக்கிப் பாருங்க. அந்தப் பச்ச லைட் அணைஞ்சு எரியுதா?"

அழுத்தினோம். எரியவில்லை.

அந்த விளக்கில் இருக்கும் சூட்சுமத்தை அவர் பிறகு விளக்கினார். நம்லாக் விளக்கு விசையோடு நேரே இணைந்ததன்று. விசையை அழுத்திய செய்தி கணினிக்குப் போய், அது புரிந்துகொண்டு, விளக்கைப் போடு என்று திருப்பி ஆணை அனுப்பினால்தான் எரியும். அதாவது, அழுத்தினால் விளக்கு மாறுகிறது என்றால் உள்ளே ஒருவர் விழித்திருக்கிறார், திரையில்தான் அவரால் சொல்ல முடியவில்லை. மாறவில்லை என்றால் அவர் இன்னும் எழவே இல்லை.

மாலையில் பைக்கில் வந்தவர், சட்டைப்பையிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்து மேசையில் வைத்தார். பள்ளிப்பிள்ளைகள் பயன்படுத்தும் அழிரப்பர் ஒன்று. மிளகளவே பெரிய ஒரு கறுப்பு பஸ்ஸர் ஒன்று. எலி கடித்திருந்தது பெட்டியின் ஸ்பீக்கருக்குப் போகும் வயரை என்று பார்த்த உடனே சொன்னார். பஸ்ஸரை மதர்போர்டின் ஓரத்து ஊசிகளில் செருகிப் பொத்தானை அழுத்தினார்.

நீளமான ஒரு கூவல். சற்று நிறுத்தம். மறுபடி அதே கூவல். மறுபடியும்.

அம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு, "பேசுது" என்றாள்.

உண்மையில் அது பேச்சுதான். கணினிக்கு மின்சாரம் வந்ததும், பயாஸ் என்ற சிறு நிரல் எழுந்து உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. நினைவகம் இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்பும் சில்லு இருக்கிறதா என்ற கேள்விகளெல்லாம் திரையில் முதல் எழுத்து தோன்றுவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் ஏதாவது தவறினால் திரையில் எழுதிச் சொல்ல வழியில்லை. ஆகவே ஒலியால் சொல்கிறது. அவார்டு என்ற வகை பயாஸில், நின்று நின்று ஒலிக்கும் நீளக் கூவலுக்கு நினைவகக் கோளாறு என்று பொருள். பத்தாண்டுகள் கழித்து முதல்நாள் பொத்தானை அழுத்தியபோதே இதை அது சொல்லத்தான் செய்திருக்கும். வயர் அறுந்திருந்ததால் எங்களுக்குக் கேட்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேம் பட்டையின் இருபுறக் கொக்கிகளையும் விடுவித்து அதை வெளியே எடுத்தார். அந்தக் காலத்து டி.டி.ஆர். ரேமின் அடியோரத்தில் 184 தொடுபட்டைகள் உண்டு. பொன்னிறமாக இருக்க வேண்டியவை மங்கிக் கிடந்தன. கடலோர உப்புக்காற்றும் ஈரமும் தூசியும் சேர்ந்து வருடக்கணக்கில் படியவைத்த அழுக்கு. அழிரப்பரால் இருபுறமும் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, ரப்பர்த் துகளை ஊதி, தூரிகையால் செருகுதடத்தையும் சுத்தம் செய்து, 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினார்.

இம்முறை ஒலி மாறியது. ஒரு நீளம், இரண்டு குறில்.

நம்லாக் விசையை எங்களை அழுத்தச் சொன்னார். விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை அழுத்தினோம். அணைந்தது. திரை அப்போதும் இருண்டுதான் இருந்தது.

"சாரு முழிச்சிட்டாவ அண்ணாச்சி. காட்டத்தான் முடியல" என்றார்.

அவர் கணினியைத்தான் சொன்னார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

*

பேச்சு போன பிறகு அப்பா மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக உயிரோடு இருந்தார். நாவும் உதடும்தான் இயங்கவில்லை, கேட்பதெல்லாம் அவருக்கு நன்றாகப் புரிகிறது என்று மருத்துவர் முதல் வாரமே சொன்னார். நாங்களும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டோம். ஆனால் அடுத்தடுத்து ஊருக்கு வந்தபோதெல்லாம், அவர் நாற்காலியில் இருக்க, அவர் தலைக்கு மேலாகவே பேசிக்கொண்டோம். மருந்துச் செலவைப் பேசினோம். அம்மாவை எப்போது யார் அழைத்துப்போவது என்று பேசினோம். 'அவருக்கு என்ன தெரியும்' என்ற சொற்றொடரை நாங்கள் சொன்னதே இல்லை என்று இன்று சத்தியம் செய்ய முடியாது.

அம்மா அப்படி இருக்கவில்லை. அவள் அவரிடம் எல்லாவற்றையும் கேட்டாள். குழம்புக்கு என்ன வைக்க என்பதையும் கேட்டாள். அவர் இடக்கைச் சுட்டுவிரலை உயர்த்தினால் ஆம், விரித்தால் இல்லை. நம்லாக் விளக்கை அவள் அன்றைக்கே கண்டுபிடித்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

*

ஒரு நீளம், இரண்டு குறில் என்றால் திரைக்குப் படம் அனுப்பும் பகுதியில் பழுது. இளைஞர் பெட்டியைத் திருப்பி முதுகைக் காட்டினார். மானிட்டர் கேபிள் செருகியிருந்தது, போர்டின் மேல் தனியே பொருத்தப்பட்ட ஒரு கிராபிக்ஸ் கார்டில். வாங்கிய அன்று கடைக்காரர் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தது. அப்பாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். அதன் மேல் உருளை வடிவில் நின்ற கெபாசிட்டர்கள் மூன்றின் தலை, பூரி உப்புவதுபோல உப்பி, விளிம்பில் பழுப்பாகக் கசிந்திருந்தது. 2000களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட கெபாசிட்டர்கள் பலவற்றில் மின்பகுதிரவம் சரியாக இல்லாததால், சில ஆண்டுகளிலேயே அவை இப்படி உப்பிச் செத்தன. பல நிறுவனங்களின் போர்டுகளும் கார்டுகளும் அதில் மாட்டிக்கொண்டன.

"புதுக் கார்டு கிடைக்குமா?" என்று கேட்டோம்.

"எதுக்குண்ணாச்சி? போர்டுலயே டிஸ்ப்ளே இருக்கே" என்றபடி, கேபிள் இருந்த இடத்துக்குச் சற்று மேலே விரலை வைத்தார். ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடி. நகத்தால் நெம்பி எடுத்தார். அடியில் அதே நீலநிற 15 துளைகள். மதர்போர்டில் பிறவியிலேயே உள்ள திரைவழி அது. தனிக் கார்டு ஒன்றைச் செருகியிருக்கும்வரை இந்தப் போர்டு தன் சொந்த வழியை அடைத்துவைக்கும். கார்டு கெட்டுப்போனாலும் அது செருகுதடத்தில் இருக்கிறவரை அடைத்தே வைத்திருக்கும். கார்டை எடுத்துவிட்டால் திறந்துகொள்ளும்.

கேபிளை அங்கிருந்து இங்கே மாற்றினார். நான்கு விரற்கடை தூரம்கூட இராது.

ஒற்றைக் குறில் ஒலி. எல்லாம் நலம் என்று பொருள். திரை மெல்ல வெளுத்து, கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன. அமைப்புகள் மறந்துபோயின, தொடர எஃப்1 அழுத்துக என்ற ஆங்கில வரி. தேதி 2003 ஜனவரி 1 என்றிருந்தது. போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்து, காலம் ஆரம்பத்துக்கே திரும்பியிருந்தது. சி.ஆர்.2032 என்ற அந்த 3 வோல்ட் பேட்டரியின் பெயரே அதன் அளவுதான்: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். மறுநாள் வாட்ச் கடையில் வாங்கிப் போட்டு, தேதியைச் சரிசெய்து, அணைத்து, கடைசியாக ஹார்ட் டிஸ்க்கை இணைத்தோம்.

அது ஒரு தடவை முனகிச் சுழன்றது. விண்டோஸ் எக்ஸ்பியின் தொடக்க இசை, மேசைமேலிருந்த சின்ன ஸ்பீக்கர்களில் ஒலித்தது.

"இந்தப் பாட்டுதான். அப்பவும் இந்தப் பாட்டு கேக்கும். படம் மட்டும் வராது. நாந்தான் போன்ல சொன்னேனே" என்றாள் அம்மா.

சொன்னாள்தான். நினைவு வந்துவிட்டது. பெட்டியில் பாட்டுச் சத்தம் கேட்கிறது, படம் வரவில்லை, அப்பா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னாள். பழசாகிவிட்டதம்மா, லீவுக்கு வரும்போது பார்க்கிறோம் என்று சொன்னோம். அதன் பிறகு மூன்று தடவை ஊருக்கு வந்தோம். பார்க்கவில்லை.

தொடக்க இசை கேட்டது என்றால் அன்று ரேம் நன்றாக இருந்திருக்கிறது, டிஸ்க் நன்றாக இருந்திருக்கிறது, விண்டோஸ் முழுமையாக எழுந்து நின்றிருக்கிறது. ரேமில் அழுக்குப் படிந்ததும் பேட்டரி தீர்ந்ததும் எலி கடித்ததும் பிற்பாடு, நாங்கள் கைவிட்ட பத்தாண்டுகளில். அன்றைய பழுது அந்தக் கார்டு ஒன்றுதான். கழற்றிவிட்டுக் கேபிளை நான்கு விரற்கடை நகர்த்தியிருந்தால் முடிந்திருக்கும். இதை இளைஞர் சாதாரணமாகச் சொன்னார். எங்களுக்கு அது சாதாரணமாக இல்லை.

*

எதையும் திறப்பதற்கு முன்னால் அப்பாவின் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் இரண்டு பிரதி எடுத்தோம். திறந்து தவறிச் சேமித்துவிட்டால் கோப்பின் தேதி மாறிவிடும் என்று இளைஞர் சொல்லியிருந்தார். மடிக்கணினியில் திறந்தபோது, கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துகள் பக்கம் பக்கமாக ஓடின. பயந்துவிடவில்லை, இது எதிர்பார்த்ததுதான். யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ்க் கோப்புகள் ஆளுக்கொரு குறியீட்டில் இருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளை அரசு ஏற்றது. 2010இல்தான் யூனிகோடுக்கும் டேஸ்16க்கும் மாறியது. அப்பா வைத்திருந்தது டாம் எழுத்துரு. குறிமாற்றி மென்பொருளில் இட்டதும் சொற்கள் தமிழாக எழுந்து வந்தன. 2,300க்கும் மேற்பட்ட பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் பொருள், எந்த ஊரில் கேட்டது, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்.

ஏறத்தாழ எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. பட்டியலின் கடைசி 41 பதிவுகளில் மட்டும் எழுத்துகள் விடுபட்டிருந்தன. குறிமாற்றியின் கோளாறு என்று முதலில் நினைத்தோம். அப்பாவின் கணினியிலேயே திறந்து பார்த்தோம், அங்கேயும் அப்படியே. எந்தெந்த எழுத்துகள் விடுபடுகின்றன என்று ஒரு தாளில் எழுதினோம். மூன்று நாளில் அப்படிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டிருந்தது. பிறகு விசைப்பலகையோடு ஒப்பிட்டோம். தட்டச்சு முறையில், ஷிப்ட் விசையைக் கூடவே பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டிய எழுத்துகள்தாம் அவை. ஒரு கையால், ஒரு விரலால் அடிப்பவருக்கு அவை எட்டாது.

கோப்பில் கடைசியாக எழுதிய தேதி 2014 ஆகஸ்ட் 9. பக்கவாதம் வந்து 17 மாதம் ஆகியிருந்தது.

அம்மாவிடம் கேட்டோம். "எழுதிக்கிட்டுதான இருப்பாவ. சாப்பிட்டுட்டு அங்க போய் உக்காந்தா ஒத்த விரல வச்சு அடிச்சுக்கிட்டே இருப்பாவ. ஒரு நாளைக்கு ஒண்ணோ ரெண்டோ" என்றாள். இதையும் அவள் அன்று சொல்லியிருக்கக்கூடும். பொழுது போகாமல் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டிருப்போம்.

அப்பா இறந்தது 2015 டிசம்பரில். திரை இருண்ட நாளிலிருந்து கணக்குப் போட்டால் 16 மாதம். பேச முடியாத ஒருவருக்குச் சொல்வதற்கு இருந்த ஒரே வழி அந்த 16 மாதமும் அடைபட்டிருந்தது. காரணம் கார்டு என்று எழுதினால் அது பாதி உண்மை.

*

அந்தப் பட்டியலை இப்போது அகரவரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறோம். விடுபட்ட எழுத்துகளைச் சேர்க்க அம்மாவும் பழைய பனையேறிகள் சிலரும் துணை. அச்சிடுவோமா என்பது பிறகு. நான்கு இடங்களில் பிரதி வைத்தாயிற்று. பெட்டி பட்டாசலில் அதே மேசையில்தான் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு தடவை ஓடவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று போர்த்தி வைக்கப்பட்டிருந்தால், எடைக்குப் போடுவதற்குமுன் ஓர் அழிரப்பரும் பஸ்ஸரும் வாங்கிப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, படம் வரவில்லை என்று ஊரிலிருந்து யாராவது சொன்னால், சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

41 பதிவுகளில் கடைசியானது 'சில்லாட்டை'. சொல் மட்டும் இருக்கிறது. பொருள் எழுதும் இடம் காலி. அம்மாவிடம் கேட்டோம்.

"பன்னாடதாம்ல அது. பனமட்டைக்கு அடியில இருக்கும்லா, வலை மாதிரி. பதனி வடிகட்டுவாவ" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதி, 'அம்மா சொன்னது' என்று குறிப்பும் சேர்த்திருக்கிறோம்.